கிராஃபீன் ஆன்டெனா: கணினித் திரையிலிருந்து பட்டறை மேசைக்கு



தங்கள் பெற்றோரின் நினைவாக நகையோ மண்டபமோ செய்யாமல், ஆண்டுக்கு ஒரு நாள் நாலு பேர் உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று ஓர் அறக்கட்டளை வைத்த குடும்பத்தாரை முதலில் வணங்குகிறேன். அந்த நோக்கத்துக்குத் தகுந்தாற்போல், மாணவர்கள் நாளைக்கே கையில் எடுத்துச் செய்யக்கூடிய ஒன்றைப் பேச வேண்டும் என்று இந்தத் தலைப்பைத் தேர்ந்தேன்.

அம்பத்தூரில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி என்று ஒரு சுற்று வந்தால் வழியெங்கும் பொறியியல் கல்லூரிகள். ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் மின்னணுவியல் தொடர்பியல் துறை உண்டு. வெளித் தேர்வாளராகப் பல ஊர்க் கல்லூரிகளுக்குப் போய்வருகிறேன். ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது: டெராஹெர்ட்ஸ் கம்பியில்லாத் தொடர்புக்காக, அதிர்வெண்ணை மாற்றியமைக்கத்தக்க கிராஃபீன் ஆன்டெனா வடிவமைப்பு. ஆய்வேட்டில் அழகான வண்ணப் படங்கள் இருக்கும். எதிரொலி இழப்பு வரைகோடு ஆழமாக இறங்கியிருக்கும். மின்னழுத்தத்தை மாற்றினால் அந்தப் பள்ளம் இடம் பெயர்வதையும் காட்டியிருப்பார்கள். அந்த ஆன்டெனா மட்டும் எவர் கையிலும் இருக்காது.

மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. விலை உயர்ந்த அளவீட்டுக் கருவி இல்லாத இடத்தில் கணினியை நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் கணினிக்குள் நாம் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில் முழுப் பொறுப்பும் நம்முடையது. கிராஃபீன் ஆன்டெனாவின் வடிவமைப்பு, அந்தப் படலத்தின் உண்மையான எண்களிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் நாம் வரையும் ஆன்டெனாவே வேறாக இருக்கும். அந்த வேறு ஆன்டெனாவைச் செய்து பார்க்கத் தேவையானவற்றில் பெரும்பகுதி சென்னையின் இந்த மேற்குப் புறநகரிலேயே இருக்கிறது. இதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

அலை சுருங்கச் சுருங்க

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலைநீளம் ஏறத்தாழ 416 மீட்டர். கால் அலைநீளக் கம்பம் நாட்ட வேண்டுமானால் 100 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். டெராஹெர்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த 300 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஒரே ஒரு மில்லிமீட்டர். அங்கே கால் அலைநீளம் என்பது கால் மில்லிமீட்டர்.

இவ்வளவு மேலே ஏன் போகிறோம்? கீழே இடமில்லை. ஒரு நொடிக்கு நூறு ஜிகாபிட் அளவில் தகவல் அனுப்ப வேண்டுமானால் பத்து இருபது ஜிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைப்பட்டை வேண்டும். கைப்பேசிகள் இன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பகுதியில் அது கிடைக்காது. ஐஇஇஇ அமைப்பு 2017இல் வெளியிட்ட 802.15.3டி தரநிலை, 252 முதல் 325 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை எடுத்துக்கொண்டது. 2019இல் எகிப்தில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு, 275 முதல் 450 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் மொத்தம் 137 ஜிகாஹெர்ட்ஸை நிலையான சேவைக்கும் தரைவழி நடமாடும் சேவைக்கும் அடையாளம் காட்டியது. இந்த அலைகளையும் கணக்கில் கொள்ளும் 6ஜி தொடர்புக்காக, 2023 மார்ச்சில் நம் அரசு பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டது.

இடம் கிடைத்துவிட்டது, தூரம்தான் கிடைக்கவில்லை. 300 ஜிகாஹெர்ட்ஸில் வெறும் பத்து மீட்டர் போவதற்குள் 102 டெசிபல் இழப்பு. மூன்று ஜிகாஹெர்ட்ஸில் அதே தூரத்துக்கு 62 டெசிபல்தான். போதாததற்குக் காற்றில் உள்ள நீராவி வேறு குடிக்கும். 325, 380, 557 ஜிகாஹெர்ட்ஸ் அருகே நீர் மூலக்கூறு அலையை ஆவலாக உறிஞ்சிக்கொள்கிறது. நூல்களில் தரும் உறிஞ்சல் வரைபடங்கள் பெரும்பாலும் ஒரு கனமீட்டர் காற்றில் ஏழரை கிராம் நீராவி என்ற கணக்கில் போடப்பட்டவை. சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண மாலையில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. நூல்களில் உள்ள அந்தக் கணக்கை அப்படியே எடுத்து நம் ஆய்வேட்டில் ஒட்டினால் ஆவடிக் காற்றில் அது பலிக்காது.

ஆகவே முதலில் இந்த அலை எங்கே வாழும் என்று பார்க்க வேண்டும். குறுகிய தூரம், குளிரூட்டப்பட்ட உலர்ந்த காற்று, நிறையத் தகவல். இந்த மூன்றும் சேர்ந்த கட்டடங்கள் அம்பத்தூரிலேயே எழுந்துகொண்டிருக்கின்றன. என்டிடி, எஸ்டிடி போன்ற நிறுவனங்களின் டேட்டா சென்டர்களைத்தான் சொல்கிறேன். சர்வர் அடுக்குகளுக்கு நடுவே கண்ணாடி இழைக்குப் பதிலாகவோ துணையாகவோ டெராஹெர்ட்ஸ் இணைப்பு போடுவது, 802.15.3டி தரநிலை எண்ணிப் பார்த்த பயன்பாடுகளில் ஒன்று. ஒரு காலத்தில் சைக்கிளும் டயரும் செய்த ஊர், இப்போது தகவலைச் சேமித்துவைக்கும் ஊராகவும் ஆகியிருக்கிறது. நம் ஆய்வுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு களம் கிடைக்காது.

கிராஃபீன் தரும் வரம்

102 டெசிபல் இழப்பை ஈடுகட்ட ஆன்டெனா தன் சக்தியை ஒரு மெல்லிய கற்றையாகக் குவிக்க வேண்டும். கற்றை மெல்லிதானால் எதிர்முனை கொஞ்சம் விலகினாலும் இணைப்பு அறுந்துபோகும். எனவே கற்றையைத் திருப்ப வேண்டும். அதிர்வெண்ணைத் தேவைக்கேற்ப நகர்த்தவும் வேண்டும். கைப்பேசி அலைகளில் இதைச் செய்துகொடுக்கும் வாரக்டர், பின் டையோடு போன்ற சாதனங்கள் 300 ஜிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது தடுமாறுகின்றன. அவற்றின் ஒட்டுண்ணி மின்தேக்குதிறன் ஒன்றே அலையை விழுங்கப் போதும்.

இங்கேதான் கிராஃபீன் வருகிறது. ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம். மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பென்சில் கரியான கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் இதை உரித்தெடுத்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஓர் உலோகத் தகட்டில் எவ்வளவு எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதை நம்மால் மாற்ற முடியாது. கிராஃபீனில் முடியும். அதற்குக் கீழே ஒரு மின்காப்புப் படலமும் அதன் அடியில் ஒரு மின்முனையும் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், படலத்தில் உள்ள மின்துகள்களின் எண்ணிக்கை கூடும் அல்லது குறையும். எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் ஆற்றல் மட்டமான ஃபெர்மி மட்டம் ஏறும் அல்லது இறங்கும். கடத்துதிறனும் அதோடு மாறும்.

வீணையை நினைத்துக்கொள்ளுங்கள். உலோக ஆன்டெனா, முறுக்க முடியாத தந்தி. அதன் நீளம்தான் அதன் சுருதி. வேறு சுருதி வேண்டுமானால் தந்தியை வெட்ட வேண்டும். கிராஃபீனுக்குப் பிரடை உண்டு. நீளத்தைத் தொடாமலே முறுக்கிச் சுருதியை மாற்றலாம். அந்தப் பிரடைதான் கேட் மின்னழுத்தம்.

ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஜோர்னெட்டும் இயான் அக்யில்டிஸும் 2010இல் தொடங்கி எழுதிய கட்டுரைகள் இத்துறைக்கு வழி திறந்தன. கிராஃபீனின் மேல் ஒட்டிக்கொண்டு ஓடும் பிளாஸ்மான் அலை காற்றில் ஓடும் அலையைவிடக் குறுகியது என்பதால், சுமார் ஒரு மைக்ரான் நீளமுள்ள ஆன்டெனாவே டெராஹெர்ட்ஸ் பகுதியில் ஒத்ததிர முடியும் என்று காட்டினார்கள். 2012இல் சுவிட்சர்லாந்தின் லோசானில், இரண்டு கிராஃபீன் படலங்களை நடுவே மெல்லிய மின்காப்பு வைத்து அடுக்கி, ஒன்றுக்கு மற்றொன்றே கேட்டாக இருக்கும் அமைப்பை முன்வைத்தார்கள். நம் மாணவர்களின் ஆய்வேடுகள் பெரும்பாலும் இந்த இரு ஊற்றுகளிலிருந்து பிறந்தவை.

ஒரு பிக்கோ விநாடி

தந்தியை முறுக்கினால் மட்டும் போதாது. மீட்டிய பிறகு அது கொஞ்ச நேரம் ஒலிக்க வேண்டும். கிராஃபீனில் அந்த நேரத்துக்குத் தளர்வு நேரம் என்று பெயர். ஓர் எலக்ட்ரான் எதிலும் முட்டாமல் சராசரியாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதன் அளவு அது. பல ஆய்வேடுகளில் இதற்கு ஒரு பிக்கோ விநாடி என்று போட்டிருக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முந்தைய கட்டுரையில் அப்படித்தான் இருந்தது என்பார்கள். அந்தக் கட்டுரைக்கு முன் இன்னொரு கட்டுரை.

இதைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். படலத்தின் இயக்க எண்ணை, அதாவது மொபிலிட்டியை, வோல்ட்-விநாடிக்குச் சதுர மீட்டர் அலகில் எழுதுங்கள். ஃபெர்மி மட்டத்தை எலக்ட்ரான்வோல்ட்டில் எழுதிப் பெருக்குங்கள். வருவது பிக்கோ விநாடியில் தளர்வு நேரம். இயக்க எண் 10,000 சதுர சென்டிமீட்டர் என்றால் அது ஒரு சதுர மீட்டர். ஃபெர்மி மட்டம் 0.2 என்றால் தளர்வு நேரம் 0.2 பிக்கோ விநாடி. அதே 0.2இல் ஒரு பிக்கோ விநாடி வேண்டுமென்றால் இயக்க எண் 50,000 ஆக இருக்க வேண்டும். போரான் நைட்ரைடு படிகங்களுக்கு நடுவே பொதிந்துவைத்த, நுண்ணோக்கியில் தேடிப் பிடிக்க வேண்டிய சிறு துணுக்குகளில் அது கிடைக்கும். ஒரு ஆன்டெனா அணிக்கு வேண்டிய அளவுள்ள படலத்தில் கிடைக்காது.

பெரிய படலம் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். தாமிரத் தாளை உலையில் வைத்து ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றி மீத்தேன் வாயுவைச் செலுத்துகிறார்கள். தாமிரத்தின் மேல் ஓரணுத் தடிமனில் கார்பன் படிகிறது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கரைசலைப் பூசி, தாமிரத்தை ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலில் கரைத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் பிளாஸ்டிக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு நீரில் மிதக்கும். சிலிக்கன் தகட்டை நீருக்குள் சாய்த்து நுழைத்து, படலத்தின் அடியில் கொண்டுவந்து மெல்ல ஏந்தி எடுக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் சுருக்கம் விழும். அடியில் ஒரு துளி நீர் தங்கினால் உலரும்போது அங்கே கிழியும். பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கழுவினாலும் முழுவதும் போகாது. இத்தனையும் தாண்டி வரும் படலத்தின் இயக்க எண் சில ஆயிரங்களில் நிற்கிறது. 2,000 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தளர்வு நேரம் 0.04 பிக்கோ விநாடி. ஆய்வேட்டில் போட்ட எண்ணில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இதனால் என்ன ஆகும்? அதிர்வெண்ணையும் தளர்வு நேரத்தையும் இரண்டு பையையும் சேர்த்துப் பெருக்கினால் வரும் எண் ஒன்றைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால்தான் பிளாஸ்மான் அலை உருப்படியாக ஓடும். 300 ஜிகாஹெர்ட்ஸில், 0.2 பிக்கோ விநாடியுள்ள நல்ல படலத்துக்கே அது 0.38தான். அதாவது 6ஜிக்கு என்று உலகம் ஒதுக்கிப் பேசும் பகுதியில், கையில் கிடைக்கும் கிராஃபீன் ஒத்ததிராது. மின்தடையாகத்தான் நடந்துகொள்ளும். ஓர் ஒலிக்காத தந்தியைப் பிரடையில் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி கேட்காது.

மின்தடையின் அளவையும் பாருங்கள். 0.2 எலக்ட்ரான்வோல்ட்டும் 0.2 பிக்கோ விநாடியும் உள்ள படலத்துக்குச் சதுரத்துக்குச் சுமார் 210 ஓம். நூறு நானோமீட்டர் தங்கப் படலத்துக்குக் கால் ஓம். இந்தக் கிராஃபீனை வெட்டிப் பேட்ச் ஆன்டெனாவாக வைத்தால் கொடுத்த சக்தியில் பெரும்பகுதி அதன் மேலேயே வெப்பமாகிவிடும்.

அந்த இழப்பு ஓர் இணைப்பை என்ன செய்யும் என்று கணக்கிடுவோம். அனுப்புவது ஒரு மில்லிவாட். இரு முனையிலும் 25 டெசிபல் கெயின் உள்ள ஆன்டெனாக்கள். தூரம் பத்து மீட்டர், பட்டை அகலம் பத்து ஜிகாஹெர்ட்ஸ், ஏற்பியின் இரைச்சல் காரணி பத்து டெசிபல். இரைச்சலுக்கு மேல் 12 டெசிபல் மிஞ்சுகிறது, இணைப்பு நடக்கும். இப்போது ஒரு முனையில் மட்டும் 5 விழுக்காடு செயல்திறன் உள்ள ஆன்டெனாவைப் பொருத்துங்கள். 13 டெசிபல் போய்விடுகிறது. செய்தி இரைச்சலுக்குக் கீழே மூழ்கிவிட்டது. எதிரொலி இழப்பு வரைகோடு மட்டும் அப்போதும் அழகாகவே இருக்கும். ஏனென்றால் உள்ளே போன சக்தி திரும்பி வரவில்லை என்பதைத்தான் அது சொல்லும். வெளியே போனதா, வெந்து போனதா என்று சொல்லாது. மாணவர்கள் தயவுசெய்து கதிர்வீச்சுச் செயல்திறனை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கேட்டுக்கு எத்தனை வோல்ட்?

இரண்டாவது எண் ஃபெர்மி மட்டம். மென்பொருளில் ஒரு எலக்ட்ரான்வோல்ட் என்று தட்டினால் அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆய்வகம் ஏற்காது. வழக்கமான 300 நானோமீட்டர் சிலிக்கன் டை ஆக்சைடின் மேல் வைத்த கிராஃபீனில், ஒரு வோல்ட்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 7,200 கோடி மின்துகள்கள்தான் சேரும். 0.2 எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சுமார் 41 வோல்ட் வேண்டும். ஃபெர்மி மட்டம் மின்னழுத்தத்தின் வர்க்கமூலமாக ஏறுவதால், அதை இரு மடங்காக்க நான்கு மடங்கு மின்னழுத்தம் ஆகும். 0.4க்கு 163 வோல்ட். ஒரு எலக்ட்ரான்வோல்ட்டுக்கு ஆயிரம் வோல்ட் வந்துவிடும். அதற்கு வெகு முன்பே ஆக்சைடு துளைபட்டுப் போகும்.

தீர்வு இருக்கிறது. 20 நானோமீட்டர் அலுமினா படலம் வைத்தால் 0.4க்குச் சுமார் ஐந்து வோல்ட் போதும். அப்போது அந்த மெல்லிய படலத்தை ஓட்டையில்லாமல் பூசுவது எப்படி, அடியில் உள்ள கேட் மின்முனை டெராஹெர்ட்ஸ் அலையைக் குடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற அடுத்த கேள்விகள் எழும். அவைதான் உண்மையான வடிவமைப்புக் கேள்விகள்.

இன்னொரு விதியும் உண்டு. பிளாஸ்மான் முறையில் ஒத்ததிரும் அதிர்வெண், ஃபெர்மி மட்டத்தின் வர்க்கமூலமாகவே நகரும். இரண்டு வர்க்கமூலங்களும் சேர்ந்தால், அதிர்வெண்ணை இரு மடங்காக்க மின்னழுத்தம் பதினாறு மடங்காக வேண்டும். இதை முன்கூட்டியே அறிந்தவர், எவ்வளவு தூரம் சுருதி மாற்றலாம் என்று ஆசைப்படும்போதே அளவோடு ஆசைப்படுவார்.

வீசுவது உலோகம், திருப்புவது கிராஃபீன்

அப்படியானால் கிராஃபீனைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. 300 ஜிகாஹெர்ட்ஸில் அது மின்தடை என்றோம். மின்னழுத்தத்தால் மாற்றக்கூடிய மின்தடை. அதுவும் ஓரணுத் தடிமனில், ஒட்டுண்ணி மின்தேக்குதிறன் இல்லாமல். இது அரிய பொருள். அலையை வீசும் வேலையை உலோகத்திடம் விட்டுவிட்டு, அலையைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கிராஃபீனிடம் கொடுக்க வேண்டும்.

ஒரு வழியை விளக்குகிறேன். ஓர் உலோகத் தகட்டுக்கு மேலே கால் அலைநீளம் தள்ளி ஒரு மின்தடைப் படலத்தை வையுங்கள். காற்றின் அலை மின்மறுப்பு 377 ஓம். படலத்தின் மின்தடையும் சதுரத்துக்கு 377 ஓமாக இருந்தால் வந்த அலை முழுவதும் அதில் அடங்கிவிடும். ரேடாரிலிருந்து மறைய இந்த உத்தி பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. சாலிஸ்பரி திரை என்று பெயர். நமக்கு வேண்டியது அந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் நடப்பது. மின்தடை 377க்கு மேல் இருந்தால் அலை நேராகத் திரும்பும். கீழே இருந்தால் தலைகீழாகத் திரும்பும், அதாவது 180 டிகிரி கட்ட மாற்றத்தோடு.

இயக்க எண் 5,000 உள்ள, நிச்சயமாகச் செய்யக்கூடிய ஒரு படலத்தை எடுத்துக்கொள்வோம். ஃபெர்மி மட்டத்தை 0.1இலிருந்து 0.4க்குக் கொண்டுபோனால் அதன் மின்தடை சுமார் 1,700 ஓமிலிருந்து 100 ஓமை நெருங்கும். 377ஐத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் அலையின் வீச்சில் பத்தில் ஆறு பங்கு நேராகத் திரும்புகிறது. மறுபக்கம் ஏறத்தாழ அதே பங்கு தலைகீழாகத் திரும்புகிறது. சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். இழப்புதான், ஆனால் இருபதில் ஒரு பங்கு மிஞ்சிய ஆன்டெனாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி இந்த இழப்பை ஈடுகட்டவும் முடியும்.

இத்தகைய படலத்தைக் கோடு கோடாகப் பிரித்து ஒவ்வொரு கோட்டுக்கும் தனிக் கேட் வைத்தால், எந்தக் கோடு நேராகத் திருப்ப வேண்டும், எது தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று கட்டளையிடலாம். உலோகக் கொம்பு ஆன்டெனா ஒன்று அலையை இந்தப் பரப்பின் மேல் வீசும். பரப்பு அதைக் கற்றையாக்கி, வேண்டிய திசையில் அனுப்பும். இந்தக் கோடுகளின் வரிசை மாறினால் கற்றையும் திரும்பும். டேட்டா சென்டரின் கூரையில் பதிக்கத்தக்க ஒரு கண்ணாடி இது. இதற்கு ஒரு பிக்கோ விநாடி தேவையில்லை, ஆயிரம் வோல்ட்டும் தேவையில்லை.

முப்பது மடங்கு பெரிய மாதிரி

நல்ல யோசனைதான், 300 ஜிகாஹெர்ட்ஸ் கருவிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலில் போக வேண்டிய இடம் உங்கள் கல்லூரியின் மைக்ரோவேவ் ஆய்வகம்.

மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் ஒரு பெரிய வசதி உண்டு. எல்லா நீளங்களையும் முப்பது மடங்காக்கி அதிர்வெண்ணை முப்பதில் ஒரு பங்காக்கினால், அலை அதே மாதிரி நடந்துகொள்ளும். படலத்தின் மின்தடை சதுரத்துக்கு இத்தனை ஓம் என்ற எண் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். 300 ஜிகாஹெர்ட்ஸை முப்பதால் வகுத்தால் 10 ஜிகாஹெர்ட்ஸ். நம் கல்லூரிகளில் கிளைஸ்ட்ரானோ கன் ஆஸிலேட்டரோ பொருத்திய எக்ஸ்-பேண்ட் பெஞ்ச் வேலை செய்யும் அதிர்வெண் அதுவே.

கிராஃபீனுக்குப் பதிலாகக் கார்பன் மை பூசிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மையின் அடர்த்தியை மாற்றி 1,700 ஓம், 500 ஓம், 100 ஓம் என்று சில தாள்கள் தயாரியுங்கள். சதுரமாக வெட்டி, எதிரெதிர் விளிம்பு முழுவதும் வெள்ளிப் பசை தடவி மல்ட்டிமீட்டரால் அளக்கலாம். சதுரம் சிறிதானாலும் பெரிதானாலும் அதே எண்தான் காட்டும். சதுரத்துக்கு இத்தனை ஓம் என்று சொல்வதன் பொருள் அப்போது கைக்கே விளங்கும். பிறகு அந்தத் தாளை எக்ஸ்-பேண்ட் வேவ்கைடின் குறுக்கே வைத்து, அதற்குப் பின்னால் மூவபிள் ஷார்ட்டைச் சுமார் 10 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். குழாய்க்குள் அலைநீளம் சுமார் 40 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால் கால் பங்கு அவ்வளவு வரும். 377 ஓமுக்குப் பதிலாக அங்கே எல்லைக்கோடு 500 ஓம். ஸ்லாட்டட் லைனில் குறைந்தபட்சப் புள்ளியைக் குறித்துக்கொண்டு, தாளை மாற்றுங்கள். 500 ஓம் தாளில் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் வேறுபாடு தெரியாமல் மட்டமாகிவிடும். அதைத் தாண்டி 100 ஓம் தாளைப் போட்டால் குறைந்தபட்சப் புள்ளி வெர்னியர் அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து நிற்கும். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் 180 டிகிரி. டெராஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் உயிரான செயலை, பழைய பெஞ்சில் ஒரு பிற்பகலில் கண்ணால் பார்த்துவிடலாம்.

இதைப் பார்த்த மாணவர், அடுத்து உண்மையான கிராஃபீனைத் தேடிப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவார். அதற்கும் வழி உண்டு. வெளிக் கல்லூரி மாணவர்களுக்காகவே, இந்திய நானோமின்னணுவியல் பயனர் திட்டம் 2008இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் தொடங்கப்பட்டது. பிறகு சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களுக்கும் விரிந்தது. தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. கதவுகள் இருக்கின்றன; தட்டுவதற்குக் கையில் ஓர் அளவீடு வேண்டும்.

பட்டறையின் பங்கு

இப்போது முன்வரிசையில் இருக்கும் தொழிற்பேட்டை நண்பர்களிடம் பேச வேண்டும்.

இந்த அலைகளின் கதையில் இந்தியாவுக்கு மூத்த இடம் உண்டு. 1895இல் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், மில்லிமீட்டர் அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். அவர் கையாண்ட அலைகள் 60 ஜிகாஹெர்ட்ஸ் வரை எட்டின. 1897இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவற்றை விளக்கிக் காட்டினார். இன்று நாம் கொம்பு ஆன்டெனா என்று சொல்வதை அவர் அன்றே பயன்படுத்தினார். பிரசிடென்சி கல்லூரியில் அவருக்கு ஆய்வகம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஒரு தகரத் தொழிலாளியைப் பழக்கி, தன் கருவிகளைச் செய்துகொண்டார். அறிவியலும் உலோக வேலையும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் அது நடந்தது.

அந்த மேசைக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எது? 1949இல் டிஐ சைக்கிள்ஸ் வந்த ஊர் அம்பத்தூர். 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து. அறுபதுகளில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று டூல் ரூம், வயர்கட், சிஎன்சி இல்லாத தெரு குறைவு. மைக்ரான் கணக்கில் வேலை செய்வது உங்களுக்குத் தினப்படி வழக்கம்.

220 முதல் 325 ஜிகாஹெர்ட்ஸுக்கான வேவ்கைடின் உள்துளை 0.864 மில்லிமீட்டருக்கு 0.432 மில்லிமீட்டர். உலோகக் கட்டியை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் பாதி வாய்க்காலை வெட்டி, ஊசிகள் வைத்துப் பொருத்த வேண்டும். இரு பாதிகளும் சில மைக்ரானுக்குள் ஒத்துப்போக வேண்டும். தாமிரத்தில் 300 ஜிகாஹெர்ட்ஸ் அலை நுழையும் ஆழம் 0.12 மைக்ரான்தான் என்பதால், வாய்க்காலின் முகம் அதற்கேற்ப வழவழப்பாக இருக்க வேண்டும். மேலே தங்க முலாம் வேண்டும். வரைபடத்தைப் பார்த்ததும் எந்தக் கட்டர், எத்தனை பாஸ், எங்கே பர் வரும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்தத் தோன்றல் எந்த மென்பொருளிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒரு சிறு கொம்பு ஆன்டெனாவுக்காக மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதை நான்கு தெரு தள்ளி வெட்டலாம்.

மூன்று வேண்டுகோள்

முடிவாக மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

துறைத் தலைவர்களுக்கு: கிராஃபீன் ஆன்டெனா குறித்த எந்த ஆய்வேட்டிலும் முதல் அட்டவணையாக இயக்க எண், தளர்வு நேரம், ஃபெர்மி மட்டம், மின்காப்பின் தடிமன், அதற்கு வேண்டிய கேட் மின்னழுத்தம், கதிர்வீச்சுச் செயல்திறன் ஆகிய ஆறும் இருக்கட்டும். தளர்வு நேரம் 0.05, 0.1, 0.2, 1 பிக்கோ விநாடி என்று மாறும்போது முடிவு எப்படி மாறுகிறது என்று காட்டாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். மாணவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நிர்வாகங்களுக்கு: தனித்தனியாக எந்தக் கல்லூரியும் 300 ஜிகாஹெர்ட்ஸ் அளவீட்டுக் கருவி வாங்குவது கடினம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் உள்ள கல்லூரிகள் நான்கைந்து சேர்ந்தால் முடியும். பொதுவாக ஓர் அளவீட்டு மையம் அமைத்து, முறைவைத்துப் பயன்படுத்துங்கள். டேட்டா சென்டர் நிறுவனங்களிடமும் பங்கு கேளுங்கள். பலன் அடையப்போகிறவர்களில் அவர்களும் உண்டு.

பட்டறை உரிமையாளர்களுக்கு: ஆண்டுக்கு ஓரிரு மாணவர்களை உங்கள் டூல் ரூமில் நிற்க விடுங்கள். அவர்களின் வரைபடத்தைத் திருத்துங்கள். செய்ய முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வேவ்கைடு வெட்டப் பழகிய பட்டறை, நாளை ரேடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் வெட்டும். அது உங்கள் தொழிலுக்கும் நல்லது.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான எண்ணைப் போட்டால் முடிவு மங்கலாக வரும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். 300 ஜிகாஹெர்ட்ஸில் கிராஃபீன் ஒத்ததிராது என்று தெரிந்த பிறகுதான் 377 ஓமைத் தாண்டும் வழி கண்ணில் பட்டது. படலங்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டு வருகின்றன. இயக்க எண் ஐந்து மடங்கு உயரும் நாளில் ஒரு டெராஹெர்ட்ஸுக்கு மேல் பிளாஸ்மான் ஆன்டெனாவும் கைகூடும். அந்த நாளில் முன்னே நிற்கப்போகிறவர், இன்றே கார்பன் தாளை வெட்டி அளந்து, வயர்கட் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, தன் அட்டவணையில் பொய் எண் ஒன்றுகூட இல்லாமல் எழுதிய மாணவராகத்தான் இருப்பார். அவர் இந்த அரங்கிலிருந்து வர வேண்டும் என்பது என் விருப்பம். அடுத்த பருவத்திலேயே அந்த எக்ஸ்-பேண்ட் பெஞ்சைத் துடைத்துச் சோதனையைத் தொடங்குங்கள். முடிவுகளை எனக்கு அனுப்புங்கள்; உங்களோடு உட்கார்ந்து பார்க்க நான் வருகிறேன்.